திறப்பு நாள் முதலில், வலைப்படம் பிறகு: திட்ட மேலாண்மை வகுப்பறையில் டென்வர் விமான நிலையம்

திட்ட மேலாண்மைத் தேர்வுத்தாளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வினா உண்டு. எட்டோ பத்தோ வேலைகள் கொண்ட அட்டவணை ஒன்று தரப்பட்டிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னதாக எவை முடிந்திருக்க வேண்டும், எத்தனை நாள் பிடிக்கும் என்பதும் அதில் இருக்கும். எந்த வேலைக்குப் பின் எது என்று காட்டும் வலைப்படத்தை மாணவர் வரைந்து, மிக நீண்ட பாதையைக் கண்டுபிடித்து, எந்த வேலையை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று எழுத வேண்டும். முன்னோக்கிக் கூட்டி, பின்னோக்கிக் கழித்தால் விடை வந்துவிடும். அந்த நாள் கணக்கை யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள், முடிவுத் தேதி எப்போது அறிவிக்கப்பட்டது என்றெல்லாம் வினாத்தாள் சொல்வதில்லை. மாணவரும் கேட்பதில்லை, கேட்டால் மதிப்பெண் கிடையாது.

பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் நெடுநாளாகவே மனத்தாங்கல் உண்டு. அதனால் நுட்பங்களையெல்லாம் கற்றுக்கொடுத்த பிறகு, அமெரிக்காவின் டென்வர் பன்னாட்டு விமான நிலையத்தில் கட்டப்பட்ட தானியங்கிப் பயணப் பெட்டி அமைப்பை வகுப்பில் வைத்து அலசுவது வழக்கம். மேலாண்மைப் படிப்புகளில் அதிகம் அடிபட்ட எடுத்துக்காட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அதைத் தொழில்நுட்பத் தோல்வியாகவே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் பார்வையில், இந்தப் பாடத்தின் நுட்பங்கள் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு இல்லை. அறிவித்துவிட்ட தேதிக்குள் வேலைகளை அடுக்குவதற்குத்தான் வலைப்படம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்தத் தேதியில் முடியாது என்று ஆதாரத்தோடு சொல்வதற்குத்தான் அது அதிகம் உதவும்.

நடந்தது என்ன

டென்வர் நகரின் பழைய ஸ்டேபிள்டன் விமான நிலையத்துக்குப் பதிலாகப் புதிய நிலையத்தின் கட்டுமானம் 1989 செப்டம்பரில் தொடங்கியது. பரப்பு ஏறத்தாழ 137 சதுர கிலோமீட்டர். திறப்பு நாள் 1993 அக்டோபர் இறுதி என்று குறிக்கப்பட்டது. தொடக்கத் திட்டத்தில் பெட்டிகளைக் கையாளும் பொறுப்பு அந்தந்த விமான நிறுவனத்திடமே விடப்பட்டிருந்தது. 1991இல் யுனைடெட் ஏர்லைன்ஸ், தான் குத்தகைக்கு எடுத்த பி கட்டடத்துக்கு மட்டும் தானியங்கி அமைப்பை அமைத்துத் தருமாறு பி.ஏ.இ. ஆட்டோமேட்டட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தை நாடியது. அது அத்துறையில் நல்ல பெயர் பெற்ற நிறுவனம்.

அதே சமயத்தில் நகர நிர்வாகம், மூன்று கட்டடங்களும் சேர்ந்த விமான நிலையம் முழுவதற்கும் ஒரே ஒருங்கிணைந்த அமைப்பு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. 16 நிறுவனங்களை அணுகியதில் 3 மட்டுமே விண்ணப்பித்தன. 1993 அக்டோபருக்குள் வேலையை முடிக்க இயலாது என்பதே அவற்றிலிருந்து தெரிந்தது, எதுவும் ஏற்கப்படவில்லை. அதன்பின் நகரம் பி.ஏ.இ.யையே அணுகியது. 1992 ஏப்ரலில் சுமார் 19 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் ஆனது. திறப்பு நாளுக்கு அப்போது மீதமிருந்தது ஒன்றரை ஆண்டு.

கட்ட வேண்டியது எளிய கன்வேயர் பட்டை அன்று. தண்டவாளத்தில் தானே ஓடும் சுமார் 4,000 சிறு வண்டிகள், முப்பது கிலோமீட்டர் அளவுக்குத் தடங்கள், ஆயிரக்கணக்கான மோட்டார்களும் ஒளி உணரிகளும், இவற்றையெல்லாம் ஆட்டுவிக்க நூறு கணினிகள் அளவில் ஒரு வலை. வண்டி முழுமையாக நிற்காமலேயே பெட்டி அதில் வந்து விழ வேண்டும்; போய்ச் சேர வேண்டிய இடத்தில் அப்படியே சரிய வேண்டும். சுரங்கப் பாதைகளும் கட்டடங்களும் முன்பே வடிவமைக்கப்பட்டு எழும்பிக்கொண்டிருந்ததால், தடங்கள் கிடைத்த இடுக்குகளில் கூர்மையாக வளைந்து செல்ல வேண்டியிருந்தது.

திறப்பு நாள் 1993 டிசம்பருக்கும், பிறகு 1994 மார்ச்சுக்கும், பிறகு மே மாதத்துக்கும் தள்ளிப்போய், கடைசியில் தேதியே இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. 1994 வசந்த காலத்தில் செய்தியாளர்களுக்கு அமைப்பை இயக்கிக் காட்டியபோது பெட்டிகள் கிழிந்து, உள்ளிருந்த துணிகள் தடமெங்கும் சிதறின. அந்த ஆண்டு ஆகஸ்டில் மேயர் வெலிங்டன் வெப், இழுவை வண்டிகளையும் கன்வேயர்களையும் கொண்ட வழக்கமான மாற்று அமைப்பு ஒன்றை 5.1 கோடி டாலரில் கட்டப்போவதாக அறிவித்தார். 1995 பிப்ரவரி 28 அன்று நிலையம் திறக்கப்பட்டது. அன்று தானியங்கி அமைப்பு ஒரே ஒரு நிறுவனத்துக்கு, ஒரே கட்டடத்தில், புறப்படும் பெட்டிகளுக்கு மட்டுமே ஓடியது. 2005இல் யுனைடெட் அதையும் கைவிட்டது. பராமரிப்புக்கு மட்டும் மாதம் சுமார் 10 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது.

ஒத்திவைப்புகள் எல்லாவற்றுக்கும் பெட்டி அமைப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதல் ஒத்திவைப்பில் மற்றக் கட்டுமான மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. மேலோட்டமான குறிப்புகளில் இது விடுபட்டுப் போவதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பகுப்பில் விடுபட்டது

பாடத்தின் முதல் நுட்பம் பணிப் பகுப்பு. மொத்த வேலையையும் கிளை கிளையாகப் பிரித்து, ஒருவரிடம் ஒப்படைத்து மதிப்பிடக்கூடிய அளவுக்குச் சிறிதாக்குவது. கிளைகளைக் கூட்டினால் முழு வேலையும் வந்துவிட வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது விதி. மாணவர்களிடம் டென்வர் அமைப்பைப் பகுக்கச் சொன்னால் தடம், வண்டி, மின்சாரம், மென்பொருள், ஸ்கேனர் என்று அழகாக எழுதிவிடுவார்கள். பொருள்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கிளைகூட இருக்காது.

டென்வரின் சிக்கல் பெருமளவு அங்கேதான் இருந்தது. பெட்டி வந்து சேரும் இடத்தில் காலி வண்டி காத்திருக்க வேண்டும். தடத்தில் முதலில் வரும் ஏற்றுமிடங்கள் காலி வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டால் பின்னால் இருப்பவை வெறுமனே காத்துக்கிடக்கும். ஒரு விமானம் தரையிறங்கி ஒரே நேரத்தில் நூறு பெட்டிகள் வந்துவிட்டால், வேறொரு மூலையில் இருக்கும் காலி வண்டிகளை முன்கூட்டியே அங்கே அனுப்பியிருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் டி நியூஃப்வில் 1994இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: இது ஒன்றோடொன்று பின்னிய வரிசைகளின் வலை, இதில் காலி வண்டிகளைச் சமன்செய்து அனுப்புவதே கடினமான வேலை, அந்த வேலைக்குப் போதிய கவனம் தரப்படவில்லை. ஒவ்வொரு மோட்டாரும் சரியாகச் சுற்றினாலும் முழு அமைப்பு திணறக்கூடும். ஒருங்கிணைப்பையும் முழு அளவுச் சோதனையையும் தனிக் கிளைகளாக, தனி நாள் கணக்கோடு எழுதாத பகுப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கொடுப்பதில்லை.

நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது

நீண்ட பாதையைக் கண்டுபிடிக்கும் கிரிட்டிகல் பாத் முறை 1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தில் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கியது. இரசாயன ஆலைகளைக் கட்டுவதும் பராமரிப்பதும் டூபாண்டுக்குப் பழகிய வேலை. ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று ஓரளவு உறுதியாகத் தெரியும். அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறை பிறந்தது. அங்கே எதுவும் பழகியது இல்லை. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மதிப்பீடுகள்: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை, பெரும்பாலும் எத்தனை, எல்லாம் கெட்டால் எத்தனை. முறையே 4, 6, 14 வாரம் என்று வைத்துக்கொண்டால், நடு மதிப்பீட்டை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்கிறோம்; 42 ÷ 6 = 7 வாரம். மதிப்பீடு எவ்வளவு முன்பின்னாகலாம் என்று காட்டும் திட்ட விலக்கம், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.67 வாரம்.

மாணவர்களுக்கு இந்தக் கணக்கு பிடித்துவிடும். அது தரும் உறுதிதான் எனக்கு அச்சம். 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் வகுப்பில் சொல்வேன். அதில் சோதிக்கப்பட்டவர்களும் மாணவர்கள்தான். இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த 37 பேரிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாம் நன்றாக நடந்தால் 27.4, எல்லாம் மிக மோசமாகப் போனால் 48.6. உண்மையில் பிடித்தது சராசரியாக 55.5 நாள். தாங்கள் சொன்ன தேதிக்குள் முடித்தவர்கள் சுமார் 30 விழுக்காட்டினர். மிக மோசமான மதிப்பீட்டையும் உண்மை தாண்டிவிட்டது என்றால், பெர்ட் சூத்திரத்துக்குள் போடும் மூன்றாவது எண்ணே போதாது என்றுதான் அர்த்தம். சூத்திரம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அதை மீட்க முடியாது.

அதற்கு மருந்து, சொந்த வேலையின் விவரங்களுக்குள் மூழ்காமல், இதே போன்ற வேலைகள் மற்ற இடங்களில் எவ்வளவு காலம் எடுத்தன என்று பார்ப்பது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979இலேயே இந்த வழியை எழுதிவிட்டார்கள். டென்வரில் அதற்கான தகவல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1992 மே மாதத்தில் திறக்கப்பட்ட மியூனிக் விமான நிலையத்தின் பெட்டி அமைப்பு இதைவிட மிக எளிமையானது. அதற்கே 2 ஆண்டுகள் பிடித்தன என்றும், திறப்பதற்கு முன் 6 மாதம் இரவு பகலாக ஓட்டிப் பிழைகளைக் களைந்தார்கள் என்றும் அங்குள்ள வல்லுநர்கள் டென்வருக்குச் சொன்னார்கள். அதற்கு முன்பு 1990இலேயே ஓர் ஆலோசனை நிறுவனம், முழு நிலையத்துக்குமான தானியங்கி அமைப்பு மிகவும் சிக்கலானது என்று எச்சரித்திருந்தது. விண்ணப்பித்த 3 நிறுவனங்களின் பதிலும் அதே திசையில்தான் இருந்தது. வெவ்வேறு தரப்புகளிலிருந்து வந்த மதிப்பீடுகள் ஒத்துப்போகும்போது, நான்காவதாக ஒருவர் முடியும் என்று சொன்னால், அவர் எதை மாற்றிச் செய்யப்போகிறார் என்று கேட்பதுதான் திட்ட மேலாளரின் வேலை.

பெர்ட்டில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பாடநூல்கள் அதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. முறை மிக நீண்ட பாதையை மட்டுமே பார்த்து, நேரத்துக்கு முடியும் வாய்ப்பைக் கணக்கிடுகிறது. மூன்று பாதைகள் ஒரே புள்ளியில் சேர்கின்றன, ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80 விழுக்காடு வாய்ப்பு, ஒன்றையொன்று சாராதவை என்று கொள்வோம். மூன்றும் சேர்ந்து முடிய வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 விழுக்காடுதான். பி கட்டடத்துக்கு மட்டும் என்று இருந்ததை நிலையம் முழுவதற்கும் விரித்தபோது, வேலை மூன்று மடங்கானது என்று மட்டுமே பலர் எண்ணுகிறார்கள். எல்லாம் ஒரே நாளில் தயாராக வேண்டும் என்ற நிபந்தனையால் வெற்றி வாய்ப்பு அதைவிட வேகமாகச் சரிந்தது.

மாற்றங்களும் மனிதர்களும்

ஒப்பந்தம் போட்டபோது பி.ஏ.இ. சில நிபந்தனைகளை விதித்தது: குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வடிவமைப்பில் மாற்றம் கூடாது, கட்டுமான இடங்களுக்குத் தடையின்றிச் சென்றுவர அனுமதி வேண்டும். தாளில் இது பாடநூல் சொல்லும் மாற்றக் கட்டுப்பாடுதான். ஆனால் அமைப்பைப் பயன்படுத்தப்போகும் விமான நிறுவனங்கள் அந்தப் பேச்சில் இல்லை. வடிவமைப்பை உறைய வைக்கும் ஒப்புதல், அதற்குக் கட்டுப்பட வேண்டியவர்களின் கையெழுத்து இல்லாமலேயே பெறப்பட்டது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. 1992 ஆகஸ்டில் யுனைடெட், தன் கட்டடத்தில் இரண்டு தடச் சுற்றுகளுக்குப் பதில் ஒன்று போதும் என்றது. அதனால் சுமார் 2 கோடி டாலர் மிச்சம், ஆனால் அமைப்பை மறுபடியும் வடிவமைக்க வேண்டியதாயிற்று. பனிச்சறுக்குக் கருவிகளுக்கும் பெரிய பெட்டிகளுக்கும் தனி வசதி வேண்டும் என்ற கோரிக்கைகளும் வந்தன. கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்குக் கருவிகளோடு பயணிகள் வருவார்கள் என்பது தாமதமாகத் தெரிந்த செய்தியாக இருக்க முடியாது! உரியவர்களைத் தொடக்கத்தில் மேசைக்கு அழைக்காததன் விலை அது.

1992 அக்டோபரில் நகரத்தின் தலைமைப் பொறியாளர் காலமானார். அமைப்பின் முக்கிய ஆதரவாளராக இருந்து, முடிவுகளை வேகமாக எடுத்துவந்தவர் அவர். இடர்ப் பதிவேட்டில் நிலநடுக்கம் முதல் வேலைநிறுத்தம் வரை எழுதும் மாணவர்கள், ஒரே ஒரு மனிதரின் முடிவெடுக்கும் அதிகாரத்தை நம்பித் திட்டம் நிற்பதை அரிதாகவே இடராக எழுதுகிறார்கள்.

அளவீடு எங்கே ஏமாற்றும்

முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் ஈட்டிய மதிப்பு முறை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இல் 35 அளவுகோல்களாக வகுத்த கட்டுப்பாட்டு முறையிலிருந்து வளர்ந்தது. இந்நேரத்துக்குள் 100 அலகு மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 90 அலகு, செலவானது 95 என்றால், கால அளவீடு 90 ÷ 100 = 0.90, செலவு அளவீடு 90 ÷ 95, அதாவது சுமார் 0.95. வேலை கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, பெரிய ஆபத்தில்லை என்று தோன்றும். டென்வர் போன்ற திட்டத்தில் இந்த எண்கள் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். தடம் போட்டாயிற்று, மோட்டார் பொருத்தியாயிற்று, வண்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பு ஈட்டப்பட்டுவிடும். எல்லாம் சேர்ந்து ஓடுமா என்ற கேள்விக்கு ஈட்ட வேண்டிய மதிப்பு கடைசி வாரங்களில் ஒளிந்திருக்கும். இன்னொன்று: கால அளவீடு, திட்டம் எவ்வளவு தாமதமாக முடிந்தாலும் முடியும் நாளில் 1 என்று வந்து நிற்கும். ஏனென்றால் முடிந்த வேலையும் திட்டமிட்ட வேலையும் அப்போது சமம். இதைக் கணக்காகச் செய்துகாட்டும்வரை மாணவர்கள் நம்புவதில்லை.

இந்த இடத்தில் பொலாரிஸுக்குத் திரும்புவது நல்லது. அத்திட்டத்தின் வெற்றிக்குப் பெர்ட்டே காரணம் என்று நீண்ட காலம் புகழப்பட்டது. 1972இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெளியார் தலையிடாமல் தடுக்கும் கேடயமாகவே பெர்ட் அங்கே பெரிதும் உதவியது, அன்றாட நிர்வாகத்தில் அதன் பங்கு குறைவு என்று வாதிட்டது. நுட்பம் ஒரு தோற்றத்தையும் உண்டாக்கும். நேர்த்தியான விளக்கப்படம் சுவரில் தொங்கினால், யோசித்துத்தான் செய்கிறார்கள் என்று பார்க்கிறவர் நம்பிவிடுவார். பல்கலைக்கழகக் குழுத் திட்டங்களில், வேலைகளை நாள்வாரிக் கோடுகளாகக் காட்டும் கேன்ட் விளக்கப்படம், முதல் வாரம் வரைந்தது, கடைசி வாரம் வரை ஒரு கோடும் மாறாமல் அறிக்கையில் ஒட்டப்பட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு அதே நினைப்புத்தான் வரும்.

வகுப்பில் எப்படி நடத்துவது

இந்த நிகழ்வை முழுக்கதையாகச் சொல்லிவிட்டு, என்ன தவறு என்று கேட்டால் வகுப்பு வீணாகிவிடும். முடிவு தெரிந்த பிறகு எல்லோரும் அறிவாளிகள். டென்வர்க்காரர்கள் முட்டாள்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். நிலையம் அவ்வளவு பெரியது, கட்டடங்களுக்கிடையே தூரம் அதிகம். இழுவை வண்டிகளால் விமானங்கள் திரும்பிப் புறப்படும் நேரம் நீளும் என்ற கவலை நியாயமானது. ஒருங்கிணைந்த அமைப்பு என்ற யோசனையிலும் தர்க்கம் இருந்தது.

அதனால் 1992 ஏப்ரல் வரை தெரிந்த தகவல்களை மட்டும் கொடுக்கிறேன்: கட்டடங்களின் நிலை, 1990ஆம் ஆண்டு ஆலோசனை அறிக்கையின் சாரம், 3 நிறுவனங்களின் பதில், மியூனிக் தகவல், அறிவிக்கப்பட்ட திறப்பு நாள். மாணவர் நகர நிர்வாகத்தின் திட்ட மேலாளர். மேயருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா, கூடாதா, எந்த நிபந்தனையோடு? வலைப்படத்தையும் மூன்று மதிப்பீடுகளையும் இணைப்பாக வைக்கலாம். ஆனால் கடிதம் அவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

வெறுமனே வேண்டாம் என்று எழுதும் கடிதத்துக்கும் நான் அதிகம் தருவதில்லை. நல்ல கடிதங்கள் இடைவழி காட்டுகின்றன: யுனைடெட்டின் கட்டடத்தில் மட்டும் தானியங்கி, மற்ற இரண்டிலும் முதலில் வழக்கமான முறை, பி கட்டடத்தில் சில மாதம் ஓடிய பிறகு விரிவாக்கம். கடைசியில் தோல்வியின் வழியாக நகரம் வந்துசேர்ந்த ஏற்பாடும் கிட்டத்தட்ட இதுதான்.

கடிதங்கள் வந்த பிறகுதான் பிந்தைய தகவல்களைத் தருகிறேன், ஒரு சிறு கணக்கோடு. மாற்று அமைப்பின் செலவு 5.1 கோடி டாலர். திறப்பு தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் கடன் வட்டியும் பராமரிப்புமாக நகரத்துக்கு ஆன செலவு சுமார் 11 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. வகுத்துப் பார்த்தால், முன்கூட்டியே கட்டி வைத்திருக்கக்கூடிய மாற்று அமைப்பின் மொத்த விலை 46 நாள் தாமதத்துக்குச் சமம். தாமதம் 16 மாதம். இந்த வகுத்தலுக்குத் தினசரிச் செலவின் துல்லியம்கூடத் தேவையில்லை. பாதியாக இருந்தாலும் 93 நாள்தான் வருகிறது. 1992 ஏப்ரலில் இருந்தவர்களிடம் 46 என்ற எண் இருந்திருக்காது. ஆனால் ஒரு நாள் தாமதத்தின் விலை என்ன, மாற்று வழியின் விலை என்ன என்ற இரண்டு கேள்விகளையும் அன்றே கேட்டிருக்கலாம். அவற்றைக் கேட்ட கடிதங்களுக்கு, விடையைத் தோராயமாகவே போட்டிருந்தாலும், முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன்.